கேனில் வந்த கடல்

என் பிரியத்துக்குரிய மல்லிகா நங்கைக்கு,

பூங்கொடி எழுதுகிறேன். நீங்கள் போய் இந்த ஐப்பசியோடு இரண்டு வருஷம் ஆகிறது. பெரியநாயக்கன்பாளையத்தில் நேற்றுப் பிடித்த மழை இன்னும் விடவில்லை. பட்டறைக்கு முன்னால் தண்ணீர் கட்டி நிற்கிறது. லேத்து ஓட்டுகிறவர்கள் பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்துக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள்.

இங்கே எங்கே திரும்பினாலும் இரண்டாயிரம் பிறக்கப் போகிற பேச்சுத்தான். வருஷம் மாறியதும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பி நின்றுபோகும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அண்ணன் என்னிடம் வந்து, "நம்ம மீட்டருக்கு ஒண்ணும் ஆயிராதே அம்மணி?" என்று கேட்டார். அதற்கு வருஷமும் தெரியாது, கிழமையும் தெரியாது, தண்ணீரை மட்டும்தான் தெரியும் என்றேன். சிரித்தார். அண்ணன் சிரித்தார் என்பதே உங்களுக்குச் சொல்ல வேண்டிய செய்திதான், இல்லையா?

நீங்கள் படித்த கல்லூரியிலிருந்து மலர் போடுகிறார்களாம். உங்களைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் உங்களைப் பற்றி வரவில்லை, உங்களோடு பேசத்தான் வருகிறது. அதனால் கடிதமாகவே எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்ளட்டும். அவர்களில் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வரி: அண்ணன் மனைவியை நீங்கள் அண்ணி என்பீர்கள், எங்கள் பக்கத்தில் நங்கை என்போம்.

நீங்கள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். நீங்கள் கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வந்திருந்தீர்கள். நம் இரண்டு பேருக்கும் ஒரே வயது. அண்ணன் பட்டறையில் மோட்டார் பம்ப்பு செய்துகொண்டிருந்தார். அதன் பின்பக்கம் பழைய வார்ப்புகள் அடைத்துக் கிடந்த ஷெட்டை ஒருநாள் நீங்கள்தான் பார்த்தீர்கள். "இதைக் கூட்டிப் பெருக்கினா ரெண்டு மேசை போடலாம் பூங்கொடி" என்றீர்கள். அம்மாவுக்கு அது விளங்கவில்லை. புது மருமகள் அடுப்படியில் இருக்காமல் ஷெட்டில் என்ன செய்கிறாள் என்று உறவுக்காரர்கள் கேட்டபோது, "என்னமோ மீட்டராமுங்க" என்று சொல்லிச் சமாளித்தார்.

அந்த மீட்டர், சாயப்பட்டறைகளுக்கானது. சாயத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம் என்று தெரியாவிட்டால் துணியில் நிறம் பிடிக்காது. அதை அளக்கிற பி.எச். மீட்டரை நீங்களும் நானும் செய்தோம். ஏழு என்று காட்டினால் இரண்டும் இல்லாத நடுநிலை. கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். பல்லடத்திலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்து வாங்கிப் போனார்கள். அதோடு நம் கதை முடிந்திருக்கலாம். டாக்டர் எஸ்தர் வந்தார்.

உங்களுக்கு அந்தப் பகல் நினைவிருக்கும். தூத்துக்குடியில் கடல் ஆராய்ச்சி செய்கிறவர், நம் மீட்டர் ஒன்றை யாரோ சாயப்பட்டறைக்காரரிடம் பார்த்துவிட்டு, பஸ் பிடித்து வந்திருந்தார். ஷெட்டில் உட்கார நல்ல நாற்காலி கூட இல்லை. பேக்கிங் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்.

"எங்ககிட்ட வெளிநாட்டு மீட்டர் ஒண்ணு இருக்கு. ரொம்ப நல்ல மீட்டர். அதனாலேயே பீரோவுக்குள்ள இருக்கு. படகுல கொண்டு போனா நனைஞ்சிரும்னு யாரும் தொட விட மாட்டாங்க" என்றார். "கடல் ஒரே இடம் இல்லல்லா? தீவுக்கு அந்தப் பக்கம் ஒரு சூடு, இந்தப் பக்கம் ஒரு சூடு. கரையில ஒரு புளிப்பு, ஆழத்துல ஒரு புளிப்பு. எனக்கு ஒசத்தியா ஒண்ணு வேண்டாம். சுமாரா நிறைய வேணும். படகுக்காரங்க கையில குடுக்கணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள்: "சுமாரா செய்யறதுதானுங்க டாக்டர் கஷ்டம். எவ்வளவு சுமார்னு நாங்க சொல்லோணுமல்லங்க?"

எஸ்தர் பெட்டியோடு உங்கள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அதைச் சொல்ற ஆளைத்தான் தேடிட்டு வந்தேன்" என்றார்.

அப்படித்தான் கடலே இல்லாத கோயமுத்தூரில் கடல் மீட்டர் செய்ய ஆரம்பித்தோம். சூட்டை அளக்க மிளகளவு இருக்கிற தெர்மிஸ்டர் மணியை வாங்கினோம். அதை உப்புத் தண்ணீர் தின்றுவிடாமல் இருக்க, தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாக் குழாய்க்குள் வைத்து, பசை ஊற்றி அடைத்தீர்கள். உங்கள் கை ஆடாது. மூச்சைக்கூட நிறுத்திக்கொண்டு ஊற்றுவீர்கள். புளிப்பை அளக்க, சாயப்பட்டறை மீட்டரில் இருக்கிற அதே கண்ணாடிக் குமிழ்தான். அது கடலில் எத்தனை காலம் தாங்கும் என்பது நம் யாருக்கும் தெரியாது.

சோதிக்கக் கடல் தண்ணீர் வேண்டுமே? அதற்கும் நீங்கள்தான் வழி கண்டீர்கள். சாயப்பட்டறைகளுக்குத் தூத்துக்குடியிலிருந்து உப்பு லாரி வரும். எஸ்தர் கரையில் அளந்து, அந்த எண்ணைக் கேன்மேல் ஒட்டி, டிரைவரிடம் கொடுத்துவிடுவார். உப்போடு உப்பாகக் கடலும் வந்து சேரும். முதல் கேனைத் திறந்தபோது நீங்கள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தீர்கள். "ரசத்துக்கு உப்பு ஜாஸ்தியாயிருச்சு" என்று நீங்கள் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

சூடு சரியாகக் காட்டியது. ஐஸ் கட்டி உருகுகிற தண்ணீரிலும், கொதிக்கிற தண்ணீரிலும், நடுவில் எல்லா இடத்திலும் பாதரசத் தெர்மாமீட்டரோடு ஒத்துப்போனது. புளிப்புத்தான் வம்பு செய்தது. கரையில் எஸ்தர் அளந்தது எட்டுக்கு மேலே. நம் மீட்டர் எட்டுக்குக் கீழே காட்டியது. அடுத்த கேனும் அப்படியே. அதற்கடுத்த கேனும் அப்படியே. ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்து மறுபடியும் கட்டினேன். குமிழை மாற்றினோம், ஒயரை மாற்றினோம். ஒன்றும் அசையவில்லை.

அண்ணன் ஷெட்டுக்கு வந்து பார்த்தார். "எப்பவும் ஒரே அளவுதான கம்மியாக் காட்டுது? அந்தத் திருகை ஒரு சுத்து சுத்தி உட்டா டாக்டரம்மா நம்பரே வந்துரும். இதுக்குப் போயி ஏன் மெனக்கெட்டுட்டு?"

அவர் சொன்னதில் தப்பில்லை. பட்டறையில் அப்படித்தான் செய்வார்கள். எனக்கும் கை ஊறியது. நீங்கள் திருகுமேல் உங்கள் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டீர்கள்.

"ஏனுங்க, மீட்டரு பொய் சொல்லுதுன்னு நமக்கு எப்புடித் தெரியும்? தண்ணி மாறியிருந்தா?"

"கேனுக்குள்ள இருக்கற தண்ணி எங்கீங்க மாறும்?" என்று அண்ணன் சிரித்தார்.

மறுநாள் அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு நீங்கள் படித்த கல்லூரி லேபுக்குப் போனோம். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் என்ன சரக்கு என்று கேட்டதற்கு, "கடலுங்க" என்றீர்கள். அவர் லக்கேஜ் டிக்கெட் போடாமலே போய்விட்டார். லேபில் இருந்த பெரிய மீட்டரும் நம் மீட்டர் காட்டிய எண்ணையே காட்டியது. அப்போதே எனக்குப் பாதிக் கவலை போயிற்று. உங்களுக்குப் போகவில்லை. காரணம் தெரிய வேண்டும் உங்களுக்கு.

வரும் வழியில் மீன் தொட்டி விற்கிற கடையில் காற்றுக் குமிழி விடுகிற சின்ன மோட்டார் ஒன்றை வாங்கினீர்கள். அதன் குழாயைக் கேன் தண்ணீருக்குள் விட்டுவிட்டு, இரண்டு பேரும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக எண் ஏறியது. ஏறி ஏறி, எஸ்தர் எழுதி ஒட்டியிருந்த எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

நீங்கள் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "கேனுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருக எத்தனையோ இருக்குது பூங்கொடி. மூடி போட்ட கேன்ல மூச்சு விட்டு விட்டு, அந்த மூச்சே தண்ணியப் புளிக்க வெச்சுருச்சு. காத்து விட்டதும் அது வெளிய போயிருச்சு. நம்ம மீட்டரு நெசந்தான் சொல்லிட்டு இருந்துருக்குது."

அந்தத் திருகை அன்று சுற்றியிருந்தால், கரையில் நின்று அளக்கும்போது நம் மீட்டர் ஒவ்வொன்றும் பொய் சொல்லியிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது.

"இனிமே கேன்ல வர்ற கடலு ஆகாது. நாம கடலுக்குப் போலாம்" என்றீர்கள்.

உங்கள் உடம்பைப் பற்றி இங்கே எழுதத்தான் வேண்டும். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் உங்கள் இதய வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகுதான் அது தெரிந்தது. குழந்தை வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது அண்ணன் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். நீங்கள்தான் அவரைத் தேற்றினீர்கள். "பாருங்க, பம்ப்புக்காரருக்கு வால்வு கெட்ட பொண்டாட்டி வாச்சிருக்குது" என்று சிரித்தீர்கள். அவர் சிரிக்கவில்லை, எழுந்து வெளியே போய்விட்டார். ஆபரேஷனுக்குத் தை மாதம் பார்க்கலாம் என்றிருந்தது. கடலுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, மூச்சு வாங்காமல் பார்த்துக்கொண்டால் போய் வரலாம் என்று டாக்டரே சொன்னார்.

தூத்துக்குடிக்குப் போய் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. அதுவரைக்கும் நீங்கள் கடலைப் பார்த்ததே இல்லை என்பது அங்கே போய்த்தான் எனக்குத் தெரிந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஈர மணலில் நின்றீர்கள். அலை வந்து சேலைக் கரையை நனைத்துவிட்டுப் போனது. மறுபடியும் வந்தது.

"இத்தனை நாளா கேன்ல இருந்ததைப் போயி கடல்னு நெனச்சுட்டு இருந்தோம் பாரு அம்மணி" என்றீர்கள்.

அன்று எஸ்தர் எப்படியோ கெஞ்சிக் கேட்டு அந்த வெளிநாட்டு மீட்டரைக் கரைக்குக் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் ஒரே வாளியில் அல்ல, ஒரே அலையில் வைத்தோம். நீங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று நம் சென்சாரைப் பிடித்துக்கொண்டீர்கள். எஸ்தர் அவர் எண்ணைப் படித்தார், நான் நம் எண்ணைப் படித்தேன். கடைசி இலக்கத்தில்தான் வித்தியாசம். எஸ்தர் உங்களைக் கட்டிக்கொண்டார். நனைந்த சேலையோடு இரண்டு பேரும் நின்று சிரித்ததை நான் மட்டும் பார்த்தேன். ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று நம் மூவருக்கும் தோன்றாமல் போயிற்றே நங்கை.

திரும்புவதற்கு முன்னால் படகுத் துறைப் பாலத்துக்கு அடியில் சில சென்சார்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். மழைக்காலம் முழுக்க உப்பிலும் அலையிலும் கிடந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக. முடிச்சுகளை நீங்களே போட்டீர்கள்.

ஐப்பசியில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு மூச்சு. ஆஸ்பத்திரியில் படுத்தபடி கூட, "பாலத்துக்கு அடியில தண்ணி கலங்கியிருக்குமல்ல?" என்று கேட்டீர்கள். ஆமாங்க நங்கை என்றேன். அதற்குமேல் அந்த நாட்களை எழுத என்னால் முடியவில்லை. உங்களுக்குத்தான் தெரியுமே.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணன் ஷெட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அந்தக் கடலுக்குப் போகாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. கடலுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்று ஆஸ்பத்திரி டாக்டர் அவரிடம் எடுத்துச் சொல்லியிருந்தார். காதில் ஏறினால்தானே? அந்தப் பாதி வாக்கியம் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு கிடந்தது. நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தோம்.

பொங்கல் கழிந்து எஸ்தர் போன் செய்தார். படகுத் துறைப் பாலத்தைப் பிரித்துக் கட்டப் போகிறார்களாம். "வந்து எடுத்துக்கிடுங்க பூங்கொடி. நானே எடுத்து வைப்பேன். ஆனா உங்க நங்கை கட்டுனதை நீங்க அவிழ்க்கதுதான் சரின்னு தோணுது" என்றார். அண்ணனிடம் சொன்னேன். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். தனியாகப் போகலாம் என்று விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏறு அம்மணி."

தாராபுரம் தாண்டி, திண்டுக்கல், மதுரை தாண்டி, எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டினார். பாலத்தில் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்தவரும் அவர்தான். மேலே வந்தது சென்சார் மாதிரியே இல்லை. பாசியும் சிப்பியுமாக, கடலே அதன்மேல் குடித்தனம் வந்துவிட்டிருந்தது. நான் கத்தியை எடுத்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நகத்தாலேயே சுரண்டினார். உள்ளே பேனாக் குழாய் தெரிந்தது. மீட்டரில் கோத்தோம். எஸ்தர் தெர்மாமீட்டரை முக்கினார். இரண்டும் ஒரே எண்.

உங்களிடம் மறைக்க மாட்டேன், புளிப்பு சென்சார்கள் தேறவில்லை. ஒரு குமிழ் உடைந்திருந்தது, மற்றவை சோர்ந்துபோய்க் குறைவாகக் காட்டின. அவற்றை வாரத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவிச் சரிபார்த்தால்தான் நம்பலாம். ஆனால் சூடு பார்க்கிறவை ஒன்றுகூடச் சாகவில்லை.

அண்ணன் அந்தக் குழாயை வெயிலுக்கு நேராகப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள ஒரு சொட்டுத் தண்ணி எறங்கல அம்மணி. இத்தனை வருசமா பம்ப்பு போடறேன், எனக்கு இப்புடி சீல் நின்னதில்ல."

குழாயைத் துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அன்னைக்கு அவ எங்க நின்னா?"

காட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த இடத்துக்கு நடந்துபோய், தண்ணீருக்குள் முழங்கால் வரைக்கும் இறங்கி நின்றார். நானும் எஸ்தரும் கரையிலேயே இருந்துகொண்டோம். அவர் திரும்பி வந்தபோது முகம் கழுவியது போல் இருந்தது. வேனில் ஏறியதும் ஷெட்டுச் சாவியை எடுத்து என் மடியில் போட்டார்.

அந்த மாசியிலேயே சூட்டு மீட்டர்களைச் செய்து அனுப்பினோம். எஸ்தர் அவற்றைப் படகுக்காரர்களிடம் கொடுத்தார். தீவுகளுக்குப் போகிறவர்கள் போகிற வழியில் ஒயரை இறக்கி எண்ணைப் பார்த்து வந்து சொல்வார்கள். அந்தக் கோடையில்தான் கடல் என்றும் இல்லாத அளவு சூடேறியது. தண்ணீருக்கு அடியில் இருக்கிற பவளப்பாறைகள் அந்தச் சூடு தாங்காமல் நிறம் போய் வெளுத்துக்கொண்டே வருவதாக எஸ்தர் போனில் அழுதார். ஒரு கடல் கண்ணெதிரே வெளுப்பதைப் பார்க்கிறவரிடம் இங்கிருந்து என்ன ஆறுதல் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

பிறகு ஒருநாள் பகலில் மறுபடியும் அவர் குரல். பட்டறைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. லேத்தை நிறுத்தச் சொல்லி அண்ணன் கை காட்டினார்.

"பூங்கொடி, ரெண்டு தீவுக்கு நடுவுல ஒரு வாய்க்கால் மாதிரி இருக்கு. அங்க போற படகுக்காரர் மட்டும் தினமும் குறைச்சலான எண்ணையே சொல்லிட்டு வந்தாரு. மீட்டர் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு வேற மீட்டர் குடுத்தேன். அதுவும் அதையே காட்டுது. இன்னைக்கு நானே போயி முங்கிப் பாத்தேன். அடியில இருந்து குளுந்த தண்ணி வருது. அங்க உள்ள பவளம் வெளுக்கல, பூங்கொடி. அப்படியே இருக்கு!"

பீரோவில் இருந்த அந்த ஒரு நல்ல மீட்டர் அந்த வாய்க்காலுக்கு ஒருநாளும் போயிருக்காது. இப்போது அந்த இடத்தில் நங்கூரம் போடக் கூடாது என்று படகுக்காரர்களே தங்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள். வெளுத்த இடங்களில் ஒருநாள் பவளம் திரும்ப வளருமானால், அதற்கு விதை அந்த வாய்க்காலிலிருந்து போகலாம் என்கிறார் எஸ்தர். போகலாம் என்றுதான் சொல்கிறார். போகும் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லின் வித்தியாசம் உங்களுக்குப் பிடித்திருக்கும்.

தை பிறந்ததும் அந்த வாய்க்காலுக்குப் போகிறோம். அண்ணனும் வருகிறார். நீச்சல் தெரியாது என்று லாரி டியூப் ஒன்றை வாங்கி, காற்றடித்துப் பார்த்து வைத்திருக்கிறார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இந்த ஊட்டுல எல்லாத்துக்கும் கடல் கிறுக்கு புடிச்சுப்போட்டுது" என்கிறார். முகத்தில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் பார்க்கிற கண்ணாடியைத் தருகிறேன் என்று எஸ்தர் சொல்லியிருக்கிறார்.

நாம் கடலின் சூட்டைப் பார்த்தோம், புளிப்பைப் பார்த்தோம். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று நீங்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இந்தத் தடவை தலையை உள்ளே விடப்போகிறேன். எனக்குப் பயம்தான் நங்கை. ஆனாலும் மூச்சு முட்டுகிற வரைக்கும் வெளியே வர மாட்டேன். அங்கே இருக்கிற ஒவ்வொரு நிறத்தையும் உங்களுக்கும் சேர்த்துப் பார்ப்பேன்.

போயிட்டு வாரேனுங்க.

உங்கள் நாத்தனார், உங்கள் வயதிலேயே நின்றுவிட முடியாமல் உங்களைவிட மூத்துக்கொண்டிருக்கிற
பூங்கொடி